ஆர்மிடேலுக்கு வரவிருக்கும் தங்கைக்கு: முதல் கோடை ஊருக்குள் கழியட்டும்

அன்புத் தங்கைக்கு,

ஆஸ்திரேலியாவின் பிராந்தியப் பகுதிகளில் குடியேறத் தரும் 491 விசா கிடைத்துவிட்டது, உங்கள் வீட்டுக்காரருக்கு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து ஆர்மிடேலில் வேலையும் உறுதியாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஊரிலிருந்து 18 கிலோமீட்டர் தள்ளி, ஐந்து ஏக்கர் நிலத்தோடு ஒரு வீடு குறைந்த வாடகைக்கு வந்திருக்கிறது. குழாய்த் தண்ணீர் கிடையாது, மழைநீர்த் தொட்டிதான். படத்தில் எல்லாம் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. "ஆனால் 2019 தீயைப் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை அக்கா, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அங்கே வாழ முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாழ முடியும். 2012 முதல் நாங்கள் அப்படித்தான் வாழ்கிறோம். ஆனால் அந்த வீட்டை இப்போது எடுக்காதீர்கள். முதல் கோடையை ஊருக்குள் வாடகை வீட்டில் கழியுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். வானம் பார்த்த பூமி. வறட்சி எனக்குப் புதிதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே வந்தேன். ஆர்மிடேல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளிர்ந்த ஊர். இங்கே தண்ணீர் வற்றும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். 2017இல் தொடங்கிய வறட்சி 2019இல் உச்சிக்குப் போனது. ஆஸ்திரேலியாவில் பதிவு தொடங்கிய நாள் முதல் மிக வெப்பமான ஆண்டும், மிக வறண்ட ஆண்டும் அதுதான். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் வழக்கத்தைவிடச் சூடேறி, சுமத்ரா, ஜாவா பக்கத்துக் கடல் குளிர்ந்துபோனால் இந்தக் கண்டத்துக்கு வர வேண்டிய மழை குறைந்துவிடும். அந்த ஆண்டு அது மிகக் கடுமையாக நடந்தது. அதே ஆண்டு ஜூனில் சென்னையில் என் தம்பி குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தான். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனது உங்களுக்கும் நினைவிருக்கும். தொலைபேசியில் அவனும் நானும் தண்ணீர்க் கணக்கைத் தவிர வேறு எதுவும் பேசாத மாதங்கள் அவை.

ஆர்மிடேல் நகருக்குள் ஐந்தாம் நிலைத் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 160 லிட்டர் என்று கேட்டுக்கொண்டார்கள். எங்களைப் போல வெளியே இருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது, ஏனென்றால் கட்டுப்படுத்தத் தண்ணீரே கிடையாது. கூரையில் விழுவதுதான் கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் கூரை 200 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழைக்கு 2,000 லிட்டர் கிடைக்கும். அந்தப் பத்து மில்லிமீட்டர் மாதக்கணக்கில் வரவில்லை. தொட்டியை விரலால் தட்டிப் பார்ப்பேன். எந்த வளையத்தில் ஓசை மாறுகிறதோ அதுவரைதான் தண்ணீர். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான். காசு கொடுத்து லாரித் தண்ணீர் கேட்டால் மூன்று வாரம் காத்திருங்கள் என்றார்கள். ஷவரை மூடிவிட்டு, பிள்ளைகளை வாளியும் குவளையுமாகக் குளிக்க வைத்தேன். அந்தக் குளித்த தண்ணீர் எலுமிச்சை மரத்துக்கு. அந்த மரம் இன்றும் இருக்கிறது.

எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் செம்மறி வளர்ப்பவர். அவருடைய தாத்தா காலத்து நிலம். இங்கே டேம் என்றால் நம் ஊர்க் குட்டை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் தண்ணீர் அதில்தான். அது வற்றி நடுவில் கொஞ்சம் சேறும் தண்ணீருமாக நின்றபோது, தாகத்தில் இறங்கிய ஆடுகள் வயிறு வரை புதைந்து எழ முடியாமல் கிடக்கும். ஒருநாள் காலை அவரும் என் வீட்டுக்காரரும் கயிறு கட்டி நான்கு ஆடுகளை இழுத்தார்கள். இரண்டுதான் பிழைத்தன. வேறு மாநிலத்திலிருந்து வைக்கோல் வாங்கிப் போட்டுப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. அக்டோபரில், அவருடைய அப்பா காலம் தொட்டுத் தேர்ந்தெடுத்து வளர்த்த தாய் ஆடுகளை விற்றார். ஏற்றும்போது லாரியின் பக்கப் பலகையில் கையை வைத்தபடி நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தேநீர் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. பஞ்சத்தில் உழவு மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போன என் தாத்தாவைப் பற்றி அம்மா சொன்ன கதைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்த மனிதரால்தான் நாங்கள் இன்று நன்றாக இருக்கிறோம்.

எங்களுக்குக் கிழக்கே, எபோர் பக்கத்தில், ஆகஸ்ட் கடைசியிலேயே காடு பற்றிவிட்டது. அது குளிர்காலம், தங்கையே. பீஸ் நெஸ்ட் தீ என்று அதற்குப் பெயர். பள்ளத்தாக்குகளுக்குள் வாரக்கணக்கில் எரிந்தது. துணி காயப்போட்டால் சாம்பல் வாடை, சூரியன் செம்புத் தட்டு மாதிரி இருக்கும். கங்காருக்கள் பசியில் சாலையோரப் புல்லுக்கு வந்து நிற்கும். நான் மருத்துவமனையில் செவிலியர்; இரவுப் பணி முடிந்து வரும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுவேன். மூச்சுத் திணறி வரும் குழந்தைகளும் முதியவர்களும் அந்த மாதங்களில் பெருகிக்கொண்டே போனார்கள். அந்தக் கோடையின் புகையால் மட்டும் நானூறுக்கு மேற்பட்டோர் இறந்திருக்கலாம் என்று பின்னால் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எனக்கு அது வியப்பாக இல்லை.

நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. அன்று நியூ சவுத் வேல்ஸில் ஒரே நேரத்தில் 17 தீக்கள் அவசர எச்சரிக்கை நிலையில் இருந்தன. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. வெப்பக் காற்று மேற்கிலிருந்து அடித்தது. பிற்பகலில் மின்சாரம் போனது. மின்சாரம் போனால் தொட்டியில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடாது, குழாயில் ஒரு சொட்டு வராது. அதை அன்றுதான் உணர்ந்தேன். அப்போது பக்கத்து நிலத்துக்காரரின் யூட் வண்டி (பின்னால் திறந்த சுமைத் தட்டு உள்ள கார்) வாசலில் வந்து நின்றது. "காற்று திரும்பப்போகிறது. உங்கள் பாதைக்கு ஒரே வழிதான். இப்போதே போங்கள்" என்றார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

இங்கேதான் நான் செய்த தவறு. நான்கு கிலோமீட்டர் போன பிறகு, பட்டச் சான்றிதழ்களும் கடவுச்சீட்டுகளும் அலமாரியிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. சாலையோரத்தில் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் தெரிந்த ஒருவர் வண்டியில் ஏற்றிவிட்டு, நான் மட்டும் திரும்பிப் போனேன். போய் வர இருபது நிமிடம். அதற்குள் பாதையைப் புகை மூடிவிட்டது. பகல் மூன்று மணிக்கு விளக்கு போட்டும் நடுக்கோடு தெரியவில்லை. கண்ணாடியில் கங்குகள் வந்து மோதின. எதிரே மாடுகளா கங்காருக்களா என்று தெரியாமல் ஏதோ ஓடியது. ஜன்னலை ஏற்றிவிட்டு, அம்மனைக் கூப்பிட்டபடி, நடக்கும் வேகத்தில் ஓட்டினேன். பிழைத்தேன். வேலிகள் எரிந்தன, வீடு தப்பியது. அன்றே கிளென் இன்னஸுக்கு அப்பால் வைட்டலிபா என்ற சிற்றூரை நெருப்பு சில மணி நேரத்தில் தின்றுவிட்டது. இருவர் இறந்தார்கள். பள்ளிக்கூடம் கூட மிஞ்சவில்லை.

அந்தக் கோடை முடிவதற்குள் நாடு முழுவதும் 3,000க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன, 33 பேர் தீயிலேயே உயிரிழந்தார்கள். அவர்களில் தீயணைக்கப் போனவர்களும் உண்டு. நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்புச் சேவையில் இருக்கும் சுமார் 70,000 பேர் சம்பளம் வாங்காதவர்கள். எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் அவர்களில் ஒருவர். ஆடுகளை விற்று இரண்டு வாரம்கூட ஆகாத மனிதர், எங்களை அனுப்பிவிட்டு அடுத்தவர் வீட்டைக் காக்கப் போனார். என் வீட்டுக்காரர் மறு ஆண்டு அந்தப் படையில் சேர்ந்தார். மஞ்சள் உடை எங்கள் வீட்டு வாசல் ஆணியில் தொங்குகிறது.

இப்போது உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே தண்ணீர், மின்சாரம், பாதை, நெருப்பு எல்லாம் நம் பொறுப்பு. அன்று நான் கிளம்பியது தொலைபேசியில் இருந்த தீ எச்சரிக்கைச் செயலியைப் பார்த்து அல்ல. செயலியும் எச்சரித்தது, ஆனால் ஒரு மனிதர் வாசலில் வந்து நின்ற பிறகுதான் கால் நகர்ந்தது. அவருக்கு அப்போது எங்களை ஏழு ஆண்டுகளாகத் தெரியும். நீங்கள் ஜூலையில் வந்து இறங்கினால் நவம்பருக்குள் யாருக்கு உங்களைத் தெரியும்? உங்கள் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் வண்டி இருக்குமா? உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்றும் நீங்கள் எழுதவில்லை.

ஓர் ஆண்டு கழித்துப் போவதென்றால், கையெழுத்துப் போடும் முன் நேரில் போய்ப் பாருங்கள். பாதைக்கு எத்தனை வழி? வீடு சரிவின் மேலே இருக்கிறதா? நெருப்பு மேட்டில் ஏறும்போதுதான் வேகம் பிடிக்கும். தைல மரங்கள் கூரைக்கு மேல் கவிந்திருக்கின்றனவா? கூரை ஓரத்துத் தகர வாய்க்காலில் சருகு கிடந்தால் ஒரு கங்கு போதும். பெரும்பாலான வீடுகளை எரிப்பது தீச்சுவர் அல்ல, காற்றில் வரும் கங்குதான். பெட்ரோலில் ஓடும் பம்பு இருக்கிறதா? தீயணைப்பு வண்டி தண்ணீர் எடுக்கத் தொட்டியில் 65 மில்லிமீட்டர் ஸ்டோர்ஸ் (Storz) குழாய் இணைப்பு இருக்கிறதா? வீட்டு முகவருக்கு இவை தெரியவில்லை என்றால் உரிமையாளரிடமே கேளுங்கள். எங்களுக்கு அந்த நாளில் யாரும் எதையும் சொல்லவில்லை.

ஊருக்குள் இருந்தாலும் சில பழக்கங்கள் வேண்டும். தீ எச்சரிக்கை தரும் ஹசார்ட்ஸ் நியர் மீ (Hazards Near Me) செயலியைத் தொலைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். மின்கலத்தில் ஓடும் சின்ன வானொலி ஒன்று வாங்கி ஏபிசி என்ற அரசு ஒலிபரப்பின் உள்ளூர் நிலையத்தில் வையுங்கள். தொலைபேசிக் கோபுரம் விழுந்தால் தொலைபேசி உதவாது. தீ அபாய அளவில் உச்சநிலை (Catastrophic) அறிவித்தால் முந்தின இரவே, இல்லையென்றால் விடிந்ததுமே ஆபத்தான இடத்திலிருந்து விலகிவிட வேண்டும். போவதா இருப்பதா என்று அன்றைக்கு உட்கார்ந்து பேசக் கூடாது. முக்கியமான ஒன்று: பொங்கல் இங்கே நடுக்கோடையில் வருகிறது. முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வெளியே விறகு மூட்டுவது குற்றம். நாங்கள் சமையலறை மின் அடுப்பில்தான் பால் பொங்க வைக்கிறோம். பிள்ளைகள் வாசலில் நின்று குரல் கொடுப்பார்கள், அதில் குறை ஒன்றுமில்லை.

அந்தப் பச்சைப் படத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2020 பிப்ரவரியில் மழை வந்தது. முதல் மழையைத் தொட்டிக்குள் விடவில்லை, கூரையெல்லாம் சாம்பல். வெளியே ஓடவிட்டு, வாசலில் நனைந்துகொண்டே அழுதேன். இரண்டு வாரத்தில் கரிந்த தைல மரங்களின் தண்டிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர் விட்டது. அதன் பின் சில ஆண்டுகள் மழை அள்ளிக் கொட்டியது. அந்த மழையில் இடுப்பளவு வளர்ந்த புல், காய்ந்தால் காட்டைவிட வேகமாக எரியும். படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று கேளுங்கள்.

வந்ததும் சொல்லுங்கள். என் பழைய கடவுச்சீட்டுப் பை இரண்டு இருக்கிறது, ஒன்று உங்களுக்கு. எல்லா ஆவணங்களையும் அதில் போட்டுக் கதவருகே மாட்டிவிடலாம். பிறகு ஒரு சனிக்கிழமை எங்கள் பக்கத்து நிலத்துக்காரரைப் பார்க்கப் போவோம். மறுபடி நூறு ஆடு வாங்கியிருக்கிறார்.