தேதி இல்லாத குறிப்பு வேண்டாம்: கிளாட் பொது அறிவு கேள்வி-பதில்

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் நுழைவுத் தேர்வான கிளாட்டின் பொது அறிவுப் பகுதி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியைப் பலர் அனுப்பியிருந்தால் ஒரே பதிலில் சேர்த்திருக்கிறேன். மாதிரித் தேர்வு மதிப்பெண் பட்டியலை மட்டும் அனுப்பிவிட்டு 'கருத்து சொல்லுங்கள்' என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. எந்தக் கேள்வியில் தவறினீர்கள் என்று எழுதுங்கள், பேசலாம்.

கேள்வி: நடப்பு நிகழ்வுகளுக்கு எத்தனை மாதச் செய்திகளைப் படிக்க வேண்டும்?

பதில்: தேர்வுக்கு முந்தைய ஓராண்டு. கடைசி ஆறு மாதங்களை இரண்டு முறை.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். சட்டக் கல்லூரியில் சேர பொது அறிவில் எவ்வளவு மதிப்பெண் எடுக்க வேண்டும்?

பதில்: எந்தச் சட்டக் கல்லூரி? அதைச் சொல்லாமல் கேட்டால் என்ன பதில் சொல்வது? தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை. நுழைவுத் தேர்வே கிடையாது. திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குக் கிளாட் எழுத வேண்டும். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஐலெட் என்ற தனித் தேர்வை நடத்துகிறது. கிளாட்டில் 120 கேள்விகள், அதில் பொது அறிவும் நடப்பு நிகழ்வும் சேர்ந்து சுமார் 30. இவை எல்லாம் அறிவிப்பிலேயே இருக்கின்றன. முதலில் அதைப் படியுங்கள்.

கேள்வி: டெலிகிராம் குழுக்களில் கிடைத்த மாதாந்திரத் தொகுப்புகளை எல்லாம் பலமுறை படித்துவிட்டேன். ஆனாலும் மாதிரித் தேர்வில் 30க்கு 12ஐத் தாண்ட முடியவில்லை. இவற்றைவிட நல்ல தொகுப்பு எது?

பதில்: எதுவும் இல்லை. ஆண்டுதோறும் இதே கேள்வி வருகிறது, நானும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன். உழைப்புக்குத் தயங்காத பிள்ளைகள்தான் இந்த ஒற்றை வரித் துணுக்குகளிடம் மாட்டிக்கொள்கிறார்கள். அதுதான் எனக்குக் கோபம்.

கிளாட் 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பத்தி வடிவத்துக்கு மாறிவிட்டது. சுமார் 450 சொற்களுக்குள் ஒரு பத்தி வரும், அதன் கீழ் ஐந்தாறு கேள்விகள் இருக்கும். பல கேள்விகளுக்கு விடை பத்தியில் இருக்காது. பத்தி எதைப் பற்றிப் பேசுகிறதோ அதன் முன்கதை உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்றுதான் சோதிக்கிறார்கள். துணுக்கில் முன்கதை ஏது?

மகளிர் இடஒதுக்கீட்டையே எடுத்துக்கொள்வோம். தொகுப்பில் 'மகளிர் இடஒதுக்கீடு, 33 சதவீதம், 128ஆவது திருத்தம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியிலும் பிழை. 128 என்பது மசோதாவின் எண். அது 2023 செப்டம்பரில் நிறைவேறிச் சட்டமானபோது 106ஆவது திருத்தம் ஆயிற்று. ஜிஎஸ்டி 122ஆவது மசோதாவாக வந்து 101ஆவது திருத்தமானது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத ஒதுக்கீடு 124ஆவது மசோதா, 103ஆவது திருத்தம். அறிமுகமாகும் மசோதாக்கள் எல்லாம் நிறைவேறுவதில்லை, அதனால்தான் இரண்டு எண்களும் விலகிப்போகின்றன. விடைத் தெரிவுகளில் 106, 128 இரண்டையும் வைப்பார்கள். தொகுப்பை நம்பியவர் 128ஐத் தொடுவார்.

அதே செய்தியை நாளிதழில் ஒழுங்காகப் படித்தவருக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கும்? ஒதுக்கீடு மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும்தான், மாநிலங்களவைக்கு இல்லை. எஸ்சி, எஸ்டி தொகுதிகளுக்குள்ளும் உள் ஒதுக்கீடு உண்டு. நிறைவேறியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறை என்று நிபந்தனை வைத்தார்கள். காலம் 15 ஆண்டு, நாடாளுமன்றம் நீட்டிக்கலாம். பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு 73ஆவது திருத்தத்தின் வழியே 1993இலேயே வந்துவிட்டது. ஐந்தாறு கேள்விக்கான சரக்கு இங்கேயே இருக்கிறது.

ஆகவே ஒரு நாளிதழ், ஒரு நோட்டு போதும். முக்கியமான செய்தி ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம்: என்ன நடந்தது, அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவு, முன்பு நிலைமை என்ன, இப்போது என்ன. மேலே தேதி. தேதி இல்லாத குறிப்பு எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

கேள்வி: மசோதாக்கள் மீது ஆளுநர் கால வரம்புக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாகக் குறித்து வைத்திருந்தேன். மாதிரித் தேர்வில் அதைத் தவறு என்கிறார்கள். யார் சரி?

பதில்: உங்கள் குறிப்பில் தேதி இருக்கிறதா? 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு கால வரம்பு வகுத்தது உண்மை. தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றும் முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 142ஆவது பிரிவைக் கொண்டு கூறியது. அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் 143ஆவது பிரிவின் கீழ் 14 கேள்விகளை அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் இடமில்லை என்று கருத்துத் தெரிவித்தது. காரணம் சொல்லாமல் நெடுங்காலம் கிடப்பில் போட்டால் மட்டும் வரம்புக்குட்பட்டுத் தலையிடலாம் என்றது. 143இன் கீழ் வருவது ஆலோசனைக் கருத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பு அல்ல என்பதையும் எழுதி வையுங்கள்; அதைக் கேட்க வாய்ப்பு அதிகம். ஏப்ரலோடு நின்றுவிட்ட குறிப்பு உங்களுடையது.

கேள்வி: தி ஹேக் நகரில் இருக்கும் இரண்டு நீதிமன்றங்களும் எனக்கு எப்போதும் குழம்புகின்றன.

பதில்: வழக்கில் எதிரே நிற்பது யார் என்று பாருங்கள். நாடு என்றால் சர்வதேச நீதிமன்றம்: ஐ.நா.வின் அங்கம், 15 நீதிபதிகள், ஒன்பதாண்டுப் பதவிக்காலம். இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பரில் தொடுத்த வழக்கு இங்கேதான். தனிமனிதர் என்றால் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம்: 1998 ரோம் சாசனம், 2002இலிருந்து நடைமுறை. புதின் மீதும் நெதன்யாகு மீதும் கைது உத்தரவு பிறப்பித்தது இதுதான். ரோம் சாசனத்தில் இந்தியா சேரவில்லை.

கேள்வி: புதிய குற்றவியல் சட்டங்களின் எல்லாப் பிரிவு எண்களையும் மனப்பாடம் செய்யவேண்டுமா?

பதில்: வேண்டாம். மூன்று சட்டங்களும் 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ளன. எது எதற்குப் பதிலாக வந்தது என்பது தெரிய வேண்டும். எண்களில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலை 302 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 103, மோசடி 420 இப்போது 318, தேசத்துரோகம் என்று பேசப்பட்ட 124ஏ போய் 152 வந்திருப்பது ஆகியவை போதும். 2022 மே மாதம் 124ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: தமிழ்வழியில் படித்தவள். தமிழ் நாளிதழ் மட்டும் படித்தால் போதுமா?

பதில்: விஷயம் புரிவதற்குத் தமிழ் நாளிதழ் நல்ல துணை, விடாதீர்கள். ஆனால் கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. காலையில் தமிழில் படித்த செய்தியையே மாலையில் ஆங்கில நாளிதழில் தேடிப் படியுங்கள். செய்தி முன்பே தெரிந்திருப்பதால் ஆங்கிலம் மிரட்டாது. முதல் மாதம் மெதுவாகத்தான் போகும். பின்தங்கிவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம்.

கேள்வி: விடை தெரியாவிட்டால் ஊகித்துக் குறிக்கலாமா?

பதில்: தவறுக்குக் கால் மதிப்பெண் கழியும். நான்கில் இரண்டைத் தள்ள முடிந்தால் தயங்காமல் குறியுங்கள். ஒன்றைக்கூடத் தள்ள முடியவில்லை என்றால் நேரத்தை அடுத்த கேள்விக்குக் கொடுங்கள்.

கேள்வி: விளையாட்டு, விருதுகள் தேவையா?

பதில்: ஐலெட்டுக்குத் தேவை, அங்கே 150இல் 30 கேள்விகள் இந்தப் பகுதி, நேரடியாகவே கேட்பார்கள். கிளாட்டுக்குப் பெரிய செய்தியானவை மட்டும். உலகச் சதுரங்கச் சாம்பியன் போட்டியில் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்றது தெரிந்தால் போதும், எத்தனையாவது நகர்த்தலில் என்பது வேண்டாம்.