காண்டாமிருகப் படத்தை உடனே பகிரலாமா?

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் வனவிலங்குப் பூங்காவில் கைப்பேசியில் எடுத்த காண்டாமிருகப் படத்தை அங்கிருந்தே பகிரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், ஊர் திரும்பிச் சில வாரம் போகட்டும். கொம்புக்காகக் கொல்லும் கள்ள வேட்டைக்காரர்கள் படத்தை வைத்தே விலங்கு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். படத்துக்குள் ஜிபிஎஸ் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் படத்தை வெளியே எடுக்கும்போது அதை நீக்கிவிடலாம். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் குறிப்பும் கூடவே போகும், கவனம். அதை நீக்கினாலும் பின்னணி காட்டிக்கொடுக்கும்: பாறைக்குன்று, காற்றாலை, நீர்த்தொட்டி, சாலைப் பலகை. பின்னணி தெரியாதபடி படத்தை நெருக்கமாக வெட்டிவிடுங்கள். 'க்ரூகர்' என்று போட்டால் போதும், முகாம் பெயர் எதற்கு?

வேட்டையைத் தடுக்க முன்கூட்டியே கொம்பு அறுத்த விலங்குதானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். கொம்பு நகம் மாதிரி மறுபடி வளரும். மிஞ்சிய அடிக்கட்டைக்காகவும் வேட்டைக்காரர்கள் சுட்டுக் கொல்கிறார்கள். அப்புறம், வழிகாட்டி ரேடியோவில் இடம் சொல்வது உங்கள் வீடியோவில் பதிவாகியிருந்தால் ஒலியை எடுத்துவிடுங்கள்.