பொதுக்குழுக் கூட்டம்: கேளுங்கள், சொல்கிறேன்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் 12 வருஷம் செயலாளராக இருந்தேன். கூட்டம் நடத்துவதில் வரும் சந்தேகங்களைக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, கோரம் (கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) இருந்துதான் கூட்டம் ஆரம்பிச்சோம். பாதியில ஆளுங்க கிளம்பிட்டாங்க. மிச்சம் இருக்கறவங்க தீர்மானம் போடலாமா?

பதில்: கூடாது தம்பி. வருகைப் பதிவேட்டில் இருக்கிற கையெழுத்து கோரம் ஆகாது. ஓட்டு எடுக்கிற நேரத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. மக்களவையிலேயே பத்தில் ஒரு பங்கு, அதாவது 543க்கு 55 பேர் இருக்க வேண்டும். ஆள் குறைவு என்று ஒருவர் சுட்டிக்காட்டினால் மணி அடிப்பார்கள். அப்போதும் சேரவில்லையென்றால் அவையை ஒத்திவைக்க வேண்டியதுதான். உங்களுக்கு எத்தனை பேர் என்பது சங்கத் துணைவிதியில், அதாவது சங்கம் தனக்கென எழுதி வைத்திருக்கும் விதிகளில் இருக்கும்.

கேள்வி: தீர்மானத்துக்கு ஒருத்தர் திருத்தம் சொன்னா எதை முதல்ல ஓட்டுக்கு விடணும்?

பதில்: திருத்தத்தை. இங்கேதான் நிறையப் பேர் இடறுகிறார்கள். “புது மோட்டார் வாங்க 60,000 ரூபாய் ஒதுக்கலாம்” என்று ஒருவர் முன்மொழிகிறார், இன்னொருவர் வழிமொழிகிறார். மூன்றாமவர் எழுந்து, “60,000 என்பதை 45,000 ஆக்குங்கள்” என்கிறார். அதையும் ஒருவர் வழிமொழிந்தால், இப்போது பேச்சு 60,000மா 45,000மா என்பதைப் பற்றி மட்டும்தான். மோட்டார் வேண்டுமா வேண்டாமா என்று பேசுகிறவரைத் தலைவர் கொஞ்சம் பொறுக்கச் சொல்ல வேண்டும். திருத்தம் ஜெயித்தாலும் வேலை முடியவில்லை. தொகை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். “45,000க்கு மோட்டார் வாங்கலாமா?” என்று மறுபடி ஓட்டு எடுக்க வேண்டும். மோட்டாரே வேண்டாம் என்பவருக்கு அந்த இரண்டாவது ஓட்டுதான் வாய்ப்பு. அதை விட்டுவிட்டு மினிட் புக்கில் “நிறைவேறியது” என்று எழுதாதீர்கள்.

கேள்வி: 30 பேர்ல ஆதரவு 12, எதிர்ப்பு 10, எட்டுப் பேர் கையே தூக்கல. நிறைவேறிடுச்சா?

பதில்: ஆமாம். துணைவிதியில் வேறு மாதிரி இல்லாதவரை, ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பான்மை போதும்.

கேள்வி: சரிசமமா வந்துட்டா?

பதில்: துணைவிதி இடம் கொடுத்தால் தலைவர் தன் ஓட்டைப் போட்டு முடிக்கலாம். நம் அரசியல் சட்டத்தின் 100ஆவது பிரிவு சபாநாயகருக்குத் தருவதும் அதேதான்: முதலில் ஓட்டு இல்லை, சமமானால் உண்டு. புது மாற்றத்துக்குப் பெரும்பான்மை கிடைக்காதபோது இருக்கிற நிலை தொடரும்படி ஓட்டுப் போடுவது பிரிட்டன் மரபு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கேள்வி: “ஒழுங்குப் பிரச்சினை”ன்னு எழுந்து அரைமணி நேரம் பேசறாரு ஒருத்தர்.

பதில்: ஒழுங்குப் பிரச்சினை என்றால் கூட்ட விதி மீறப்படுகிறது என்று எழுப்பும் ஆட்சேபம். அதனால் எந்த விதி மீறப்பட்டது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் உட்காரச் சொல்லலாம். சொன்னால் தலைவர் அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: அஜெண்டாவுல “இதர”ன்னு இருக்கே, அதுல எதை வேணா கொண்டு வரலாமா சார்?

பதில்: சின்ன விஷயங்களைக் கொண்டு வரலாம். பணம் சம்பந்தப்பட்டது வேண்டாம். நாங்கள் ஒருமுறை மாதச் சந்தாவை “இதர”வில் வைத்து 500லிருந்து 800 ஆக்கினோம். நைட் ஷிப்ட் போனவர்களும் ஊருக்குப் போனவர்களும் மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நின்றார்கள். “தெரிஞ்சிருந்தா லீவு போட்டு வந்திருப்போமே” என்றார் ஒரு அம்மா. அவர் கேட்டது நியாயம். அந்த முடிவை நிறுத்திவைத்து, அடுத்த கூட்ட நோட்டீசில் தொகையோடு அச்சடித்துக் கொடுத்தோம். இரண்டு மணி நேரம் பேசி 700க்கு முடிந்தது. அந்த அம்மாதான் வழிமொழிந்தார்.