தாராளவாதச் சிந்தனையில் அச்சம் எவ்வாறு அதிகாரக் கருவியாகிறது?

தனிமனித உரிமைகளைக் காக்க அரசின் அதிகாரத்துக்கு வரம்பிடும் சிந்தனையான தாராளவாதம், அச்சத்திலிருந்து மக்களை விடுவிப்பதாகக் கூறிக்கொண்டே, அதே அச்சம் தன் நிறுவனங்கள் வழியாகவே இயங்க எவ்வாறு இடமளிக்கிறது என்பதே இங்குள்ள கேள்வி.

வன்முறையால் சாக நேரிடும் என்ற அச்சமே மனிதரைப் பொது அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் செய்கிறது என்று ஆங்கிலேய மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் 1651இல் வாதிட்டார். பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் மான்டெஸ்கியூ 1748இல் வேறு பாதையில் சென்றார்: அச்சம் கொடுங்கோன்மையை இயக்கும் விசை, தான் பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நம்பிக்கையால் குடிமகனுக்கு உண்டாகும் மன அமைதியே அரசியல் சுதந்திரம். சட்டமியற்றல், ஆட்சி, நீதி ஆகிய அதிகாரங்களைப் பிரித்து வைக்க வேண்டும் என்ற அவருடைய வற்புறுத்தல் இந்தக் கவலையிலிருந்தே பிறக்கிறது. அமெரிக்க அரசியல் கோட்பாட்டாளர் ஜூடித் ஷ்க்லர் 1989இல் இதைக் கூர்மைப்படுத்தி, அரசின் கொடுமையையும் அது விளைவிக்கும் அச்சத்தையும் தடுப்பதே தாராளவாதத்தின் முதற்கடமை என்றார்.

அச்சத்தை அரசின் கொடுமையோடு மட்டுமே இணைத்துப் பார்க்கும் இந்த மரபின் குறையை அமெரிக்க அரசியல் அறிஞர் கோரி ராபின் சரியாகவே சுட்டிக்காட்டுகிறார் என்பது என் கருத்து. அமெரிக்காவில் 1947இல் கூட்டாட்சி அரசின் ஊழியர்கள் நாட்டுக்கு விசுவாசமானவர்களா, கம்யூனிஸ்டு ஆதரவாளர்களா என்று அறியும் விசுவாசச் சோதனை தொடங்கியபோது, விசாரணைக்கு அழைக்கப்பட்டவரிடம் எந்த இதழ்களைப் படிக்கிறீர்கள், யாருடன் பழகுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். அவர்மீது புகார் சொன்னவர் யார் என்பதைப் பெரும்பாலும் தெரிவிக்கவில்லை. அந்தக் காலத்தில் சிறைக்குச் சென்றோர் மிகச் சிலரே, ஆனால் வேலை போய்விடும் என்ற பயம், நீதிமன்றமும் தேர்தலும் சுதந்திர இதழ்களும் இருந்த ஒரு நாட்டிலேயே, ஏராளமானோரை மௌனமாக்கியது. தனியார் முதலாளிகளும், வேலை தரக் கூடாதவர்கள் எனக் குறித்த கறுப்புப் பட்டியல்கள் மூலம் இதில் பங்கெடுத்ததால், அரசை மட்டும் கட்டுப்படுத்தும் அரசியலமைப்பு ஏற்பாடுகள் அவர்களைத் தொடவே இல்லை.