பிள்ளை சொன்னதும் போலீஸ் வேலை பார்க்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, கவனிப்பின்மை பற்றியவை. பெயர்களை நீக்கி, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஐந்து மாதப் பேத்திக்கு இடுப்புக்குக் கீழே நீலமும் சாம்பலுமாகத் திட்டுகள். மருமகள் அடிக்கிறாளோ என்று சந்தேகம். (தேனி)

மருமகளை விடுங்கள், பிறந்த வாரத்தில் எடுத்த போட்டோவைத் தேடுங்கள். அதிலும் திட்டு இருக்கும். நம் ஊர்க் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே வருவது இது. நாலைந்து வயதுக்குள் மங்கிவிடும். அடிபட்டுக் கன்றியது என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் நிறம் மாறி மறையும். இது மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

ஆனால் தவழக்கூடத் தெரியாத குழந்தையின் உடம்பில் உண்மையான கன்றல் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தக் கோளாறாகவும் இருக்கலாம், அடியாகவும் இருக்கலாம். ஓடியாடும் பிள்ளைக்கு முழங்கால், முன்னங்கால், நெற்றியில் காயம் படுவது சகஜம். காது, கழுத்து, வயிறு, முதுகு என்றால் எப்படிப் பட்டது என்று கேட்டே ஆக வேண்டும்.

ஒரு குழந்தைக்கு ஏதோ நடப்பதுபோலத் தெரிகிறது. என்ன செய்யலாம்? (ஊர் இல்லை)

வயது இல்லை, ஊர் இல்லை, என்ன பார்த்தீர்கள் என்பதும் இல்லை. இதற்குப் பத்திரிகைக்கு எழுதிவிட்டு எத்தனை நாள் காத்திருந்தீர்களோ! 1098 குழந்தைகள் உதவிக்கான இலவச எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். இதைப் படித்து முடிக்கும் முன்பே அழையுங்கள்.

பையன்களுக்கும் போக்சோ சட்டம் பொருந்துமா? (கரூர்)

பொருந்தும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம் அது, 18 வயதுக்குக் கீழ் யாராக இருந்தாலும். மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேல் பையன்கள்தான். 'ஆம்பளப் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது' என்கிற பேச்சை இனிமேலாவது விடுங்கள்.

என் ஐந்து வயது மகள் ஒரு உறவினரைப் பற்றி ஏதோ சொன்னாள். அவள் பாட்டி, சித்தி, நான் எல்லாரும் கேட்டோம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறாள். ஆதாரத்துக்காக வீடியோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டிருக்கிறோம். அடுத்து என்ன? (திருச்சி)

இந்த ஒரு தப்பை நிறுத்தச் சொல்லி எத்தனை முறை எழுதுவது! குழந்தை வாய் திறந்து ஒரு வாக்கியம் சொன்னதும் வீடே காவல் நிலையம் ஆகிவிடுகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். "அந்த மாமா விளையாட்டு எனக்குப் பிடிக்கல" என்கிறாள் பிள்ளை. அது அவள் வார்த்தை, விலைமதிப்பில்லாதது. உடனே பாட்டி, "எங்க தொட்டான், இங்கயா, அங்கயா?" என்று தன் கையாலேயே காட்டுகிறார். பிள்ளை தலையாட்டுகிறாள். சித்தி வந்து மறுபடி கேட்கிறார். முதலில் சொன்னது தப்புப் போலிருக்கிறது, அதனால்தான் திரும்பக் கேட்கிறார்கள் என்று நினைக்கும் வயது அது. எனவே மாற்றிச் சொல்கிறாள். நாலாவது நாள் அதில் எது அவள் சொல், எது பாட்டியின் சொல் என்று யாராலும் பிரிக்க முடியாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? சொல்லிக்கொடுத்த சாட்சி என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

குழந்தையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு வரவழைக்கக் கூடாது என்கிறது போக்சோ. வக்கீல்கள்கூட நேராகக் கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். போலீஸ் வாக்குமூலம் வாங்குவது வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோதான். சீருடை போடாமல், கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்து, பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ பக்கத்தில் இருக்க எழுத வேண்டும். இத்தனை பாதுகாப்பையும் சட்டம் கொடுத்திருக்க, நீங்கள் கூடத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து செல்போனை முகத்துக்கு நேரே நீட்டுகிறீர்கள்.

அப்புறம் அந்த வீடியோ. பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியே விடுவது குற்றம். குடும்பக் குரூப் என்கிறீர்கள். அந்த உறவினரும் அதில்தானே இருக்கிறார்? குரூப்பிலிருந்து எடுத்துவிட்டு, எல்லாரையும் அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் போனில் உள்ள மூலப் பதிவை மட்டும் அழிக்காமல் போலீஸிடம் சொல்லிவிடுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது: முதல் நாள் அவள் சொன்னதை, அவள் வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். அதன் பிறகு ஒரு கேள்வியும் வேண்டாம். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பே இல்ல, அம்மா பாத்துக்கறேன்" என்பது போதும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், சொல்லத்தான் போகிறீர்கள். நடந்து மூன்று நாலு நாளுக்குள் என்றால் அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் அல்ல. 1098 அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையம். வழக்கு முடியும்வரை கூடவே வர ஒரு துணை நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம், கேட்டு வாங்குங்கள். அந்த உறவினர் வீட்டுப் பக்கம் வரவே கூடாது, குலதெய்வக் கோயில் பொங்கலாக இருந்தாலும்.

மருத்துவப் பரிசோதனையில் எதுவும் இல்லை என்று வந்துவிட்டது. அப்படியானால் பிள்ளை பொய் சொல்கிறதா? (வேலூர்)

இல்லை. பாலியல் தொல்லைக்கு ஆளான பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பரிசோதனை இப்படித்தான் வரும். தொடுவதால் எப்போதும் காயம் ஆவதில்லை. காயம் ஆனாலும் சில நாளில் ஆறிவிடும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும், நீங்கள் கூட இருக்கலாம், எஃப்.ஐ.ஆர். போடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிறப்புறுப்புக்குள் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி கண்டித்துச் சொன்னது. பிள்ளையை மறுபடி கேட்டுப் பார்க்கலாமா என்று பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். மேலே திருச்சிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

மாணவி சொன்னதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். பள்ளிப் பெயர் கெட்டுவிடும், பேசாமல் இருங்கள் என்கிறார். என் கடமை முடிந்ததல்லவா? (ஆசிரியை, கடலூர் மாவட்டம்)

முடியவில்லை. தெரிந்தவர் ஒவ்வொருவரும் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது போக்சோ பிரிவு 19. தலைமை ஆசிரியரிடம் சொன்னது அதில் சேராது. சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு சொல்பவர் மீது வழக்குப் போட முடியாது. இந்தப் பக்கத்தை அவர் மேசையில் வையுங்கள்.

குழந்தைக்கு இழுப்பு வந்தால் வயிற்றில் சூடு போடலாம் என்கிறார் மாமியார். (தர்மபுரி)

அது வைத்தியம் இல்லை, தீக்காயம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பக்கத்து வீட்டில் இருவரும் கூலி வேலைக்குப் போகிறார்கள். ஏழு வயதுப் பெண் மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். புகார் கொடுக்கலாமா? (திருப்பூர்)

முதலில் அங்கன்வாடி எங்கே என்று அந்தத் தாய்க்குக் காட்டலாமே. மாநிலத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சின்னவன் அங்கே போனால் சாப்பாடும் உண்டு, பெரியவள் பள்ளிக்கூடம் போகலாம். வறுமையைப் புறக்கணிப்பு என்று எழுதிக் கொடுக்காதீர்கள். வசதியான வீட்டில் வலிப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார்களே, பல் எல்லாம் சொத்தையாகிப் பிள்ளை அழுதாலும் பார்க்காமல் இருக்கிறார்களே, அதற்குப் பெயர்தான் புறக்கணிப்பு. அங்கே யாரும் புகார் கொடுப்பதில்லை.

இரண்டு மாதக் குழந்தை இரவெல்லாம் அழுகிறது. கோபத்தில் ஒருமுறை பிடித்து உலுக்கிவிட்டேன். (தந்தை, கோவை)

எழுதியதற்கு நன்றி, பலர் இதைச் சொல்வதில்லை. ஒரு வயதுக்குள் தலை கனம், கழுத்துக்குப் பலம் இல்லை. உலுக்கினால் மூளையைச் சுற்றியும் கண்ணுக்குள்ளும் ரத்தம் கசியலாம், வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். அதனால் குழந்தை நன்றாகத் தெரிந்தாலும் இன்றே மருத்துவரிடம் காட்டி, உலுக்கியதையும் சொல்லுங்கள். மந்தமாக இருந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ விடியும்வரை பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். மறைத்தால் எந்த ஸ்கேன் எடுப்பது என்றே தெரியாது.

இந்த அழுகை ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் அடங்கும். கை நடுங்கும் அளவு கோபம் வந்தால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, கதவை ஒருக்களித்துவிட்டு வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். அழட்டும், அழுவதால் ஒன்றும் ஆகாது. மனைவியையோ அம்மாவையோ எழுப்புங்கள். தூக்கம் கெட்டதற்குத் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.