வாய் மடங்கும் 440சி கத்தி: கோளாறு தகட்டிலா, சூட்டிலா?

கேள்வி: 3 மி.மீ. 440சி (துருத் தாங்கும் எஃகு ரகம்) தகடு வாங்கிச் சமையல் கத்தி செய்தேன். எங்கள் ஊர்க் கொல்லர் கரி உலையில் காந்தம் ஒட்டாத அளவுக்குப் பழுக்கவைத்து எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்தார். லாரி ஸ்பிரிங் பட்டையில் அவர் அடிக்கும் அரிவாள்கள் அருமையாக நிற்கும். இந்தக் கத்தியோ பூசணிக்காய் அரிந்தாலே வாய் மடங்குகிறது, புளி பட்ட இடத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு. தகடே போலியா?

பதில்: தகட்டைச் சந்தேகப்படும் முன் சூட்டைப் பாருங்கள். வாய் மடங்குவதும் துரு பிடிப்பதும் இரண்டு கோளாறாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். சூடு போதவில்லை.

லாரிப் பட்டையில் குரோமியம் மிகக் குறைவு. சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பின் காந்தத்தன்மை போய்விடும். அதற்குக் கொஞ்சம் மேலே போனதும் கார்பன் இரும்புக்குள் கரைந்துவிடும், உடனே எண்ணெயில் விட்டால் கெட்டிப்படும். அந்த எஃகுக்கு உங்கள் கொல்லரின் கணக்கு மிகச் சரி. 440சி வேறு ரகம். கார்பன் 0.95 முதல் 1.2 சதவீதம், குரோமியம் 16 முதல் 18. கார்பனுக்கு இரும்பைவிடக் குரோமியத்தோடுதான் ஒட்டுதல் அதிகம். இரண்டும் சேர்ந்து கார்பைடு துகள்களாக உறைந்துதான் தகடு கடைக்கு வருகிறது. காந்தம் விழும் சூடு அந்தத் துகள்களுக்கு வெதுவெதுப்பான பாலில் போட்ட கற்கண்டு மாதிரி, கரையவே கரையாது. கெட்டிப்படுத்த வேண்டிய கார்பனும் துருவைத் தடுக்க வேண்டிய குரோமியமும் துகளுக்குள்ளேயே கிடக்கின்றன. அதனால்தான் இரண்டு தொந்தரவும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

உறுதி செய்துகொள்ள, வாயோரத்துக் கருப்பை உரசி எடுத்துவிட்டு ஒரு நல்ல அரத்தை லேசாக இழுங்கள். அரம் கடித்துப் பொடி உதிர்ந்தால் கத்தி மென்மையாகவே இருக்கிறது. சரியாகக் கெட்டிப்பட்ட அலகில் அரம் கண்ணாடிமேல் போவதுபோல் கிறீச்சென்று வழுக்கும்.

நல்ல சேதி, அதே கத்தியைக் காப்பாற்றலாம். 440சிக்கு 1010 முதல் 1065 டிகிரி வரை வேண்டும். நான் 1040 சொல்வேன். அலகு முழுதும் அந்தச் சூட்டுக்கு வந்தபின் இருபது நிமிடமாவது அங்கேயே நிற்க வேண்டும். கரி உலையும் அந்தச் சூட்டைத் தொடும்தான். ஆனால் கண்ணால் பார்த்து நிறுத்திவைக்க முடியாது. சூடு கூடிப்போனால் கார்பன் அளவுக்கு மீறிக் கரைந்து, குளிர்ந்த பிறகும் ஒரு பங்கு எஃகு கெட்டிப்படாமலே நின்றுவிடும். எனவே வேக்குவம் ஹீட் ட்ரீட்மென்ட் (காற்றில்லா உலையில் சூட்டுப் பதம்) செய்யும் பட்டறையில் கொடுங்கள்.

கொடுக்கும்போது ‘கத்தி, கெட்டிப்படுத்துங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அச்சு (டை) எஃகுகளோடு சேர்த்துப் போட்டு, 500 டிகிரிக்கு மேல் டெம்பர் (கெட்டிப்பட்டது முறியாமலிருக்க மறுபடி மிதமாகச் சூடாக்குவது) செய்துவிடக்கூடும். 425க்கு மேல் போனாலே 440சியின் துருத் தாங்கும் குணமும் முறியாத குணமும் குறையத் தொடங்கும். டெம்பர் 175 முதல் 200 டிகிரி, இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு தடவை, கடினம் 58 முதல் 59 ராக்வெல் சி (கடினத்தை அளக்கும் அலகு) என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். சப்-ஜீரோ (பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்விக்கும்) வசதி இருந்தால் டெம்பருக்கு முன்பே செய்யச் சொல்லுங்கள். டெம்பரை நிறம் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். குரோமியம் நிறைந்த எஃகில் அந்த வைக்கோல் மஞ்சள் மிகத் தாமதமாகத்தான் வரும்.

அனுப்பும் முன் உலையில் வெந்த மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அங்கே கார்பன் எரிந்து போயிருக்கும். வாயை அரை மி.மீ. கனத்துக்குக் குறையாமல் விட்டுவையுங்கள், மெலிந்தால் வளைந்துவிடும். திரும்பி வந்தபின் சாணையில் ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கி, கையில் சூடு தெரியாதபடி தேய்த்துக் கூராக்குங்கள்.

அப்புறம், 440சி சோற்றுத்தட்டு எவர்சில்வர் மாதிரி கிடையாது. சரியாகப் பதப்படுத்தினாலும் புளி, எலுமிச்சை, உப்பு பட்டதும் கழுவித் துடைத்து வைக்க வேண்டும், சிங்க்கில் ஊறவிடக் கூடாது.