வாசகர் கேள்வி – பதில்: ரிமோட் காருக்கு மாற்று ஆர்ம் வாங்கும் முன்

கேள்வி: என் தங்கையின் மகனிடம் ட்ராக்ஸாஸ் ஸ்லாஷ் என்னும் ரிமோட் கார் இருக்கிறது. பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் 1/10 அளவு வகை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்திலும், ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) இறங்கும் கல் பாதையிலும் ஓட்டுகிறான். முன்பக்க வலது சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கை போன்ற துண்டு), உடலோடு சேரும் துளையருகே உடைந்தது. புதியது போட்ட பின்பும் அதே இடத்தில் வெடிப்பு கண்டிருக்கிறது. கொழும்பில் ஒரு கடையில் விசாரித்ததற்கு, அலுமினிய ஆர்ம் போட்டால் இனி உடையவே உடையாது என்றார்கள். விலை பிளாஸ்டிக்கைப் போலப் பல மடங்கு. பணத்தைச் செலவழிக்கலாமா?
— பாடசாலை ஆசிரியர் ஒருவர், தலவாக்கலை

பதில்: வேண்டாம், ஐயா. கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. அலுமினிய ஆர்ம் எளிதில் உடையாது என்பது உண்மைதான். ஆனால் அது உடையாமல் நிற்பதற்காக வேறு எது உடையப்போகிறது என்பதை அவர் சொல்லவில்லை.

முன்சக்கரம் கான் ஓரத்துக் கருங்கல்லில் மோதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடி சக்கரத்தைத் தாங்கும் துண்டின் வழியாக ஆர்முக்கு வந்து, ஆர்ம் மேலும் கீழும் அசைவதற்கு அச்சாக நிற்கும் உருக்குக் கம்பியாகிய ஹிஞ்ச் பின்னுக்குச் சென்று, அங்கிருந்து ஆர்ம்களைத் தாங்கும் முன்பக்கக் கூட்டில், அதாவது பல்க்ஹெட்டில், போய் முடிகிறது. நைலான் ஆர்ம் இந்த வழியில் வளைந்துகொடுத்து, அடியின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொண்டு, மறுகணம் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. அலுமினியம் அப்படிச் செய்வதில்லை. அடி நடுத்தரமானதாக இருந்தால் அது வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும்; கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் சக்கரத்தின் சாய்வு மாறி, கார் ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கும். அடி பெரியதாக இருந்தால் ஆர்ம் அசையாமல் நிற்க, உங்கள் காரில் பிளாஸ்டிக்கால் ஆன பல்க்ஹெட் பிளந்துவிடும். ஆர்மை மாற்றுவதற்கு இரண்டு பின்களையும் ஷொக் அப்சோர்பரின் ஒரு திருகாணியையும் கழற்றினால் போதும். பல்க்ஹெட்டை மாற்றுவதென்றால் முன்பகுதி முழுவதையும் பிரித்து மேசையில் பரப்ப வேண்டியிருக்கும். ஆகவே மாற்று ஆர்ம் தேடும்போது எது உடையாது என்று கேட்பதைவிட, உடைந்தே தீரவேண்டுமென்றால் எது உடைவது நமக்கு மலிவு என்று கேட்பதே பொருத்தம். என் கணக்கில் அது ஆர்ம்தான்.

எடையையும் பார்க்க வேண்டும். ஒரே பருமனுள்ள துண்டை எடுத்தால் அலுமினியம் நைலானைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது. சக்கரத்தோடு சேர்ந்து துள்ளும் பாகங்களில் எடை கூடக்கூட, கரடுமுரடான பாதையில் சக்கரம் நிலத்தை விட்டு எழும்பும் நேரம் கூடும். மருமகன் ஓட்டும் கல் பாதையில் இந்த வேறுபாடு கையில் உள்ள ரிமோட்டிலேயே தெரியும். வழவழப்பான தளத்தில் பந்தயம் ஓட்டுபவர்கள் இறுக்கமான ஆர்ம்களை விரும்புவதற்கு அவர்களுக்கே உரிய காரணங்கள் உண்டு. தோட்டத்துப் பாதைக்கு அவை பொருந்தா.

அப்படியானால் எதை வாங்குவது? உற்பத்தியாளரின் சொந்த ஆர்மே போதுமானது. அதைவிடச் சற்றுத் தாராளமாகச் செலவழிக்க முடிந்தால், அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆர்.பி.எம். நிறுவனம் இதே காருக்கென வார்க்கும் நைலான் ஆர்ம்களை வாங்குங்கள். அவை நன்றாக வளைந்துகொடுப்பவை. உடைந்தால் மாற்றித் தருவதாக வாழ்நாள் உத்தரவாதமும் உண்டு. (அந்த உத்தரவாதத்தைத் தலவாக்கலையிலிருந்து கடல் கடந்து கோருவதற்கான செலவில் இன்னொரு சோடி வாங்கிவிடலாம் என்பதால், அதை நம்பி வாங்க வேண்டாம், பொருளின் தரத்துக்காக வாங்குங்கள்.) எதை வாங்கினாலும் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் இறுக்கமானதும் மறுபக்கம் இளகியதுமாக இருந்தால் திருப்பங்களில் கார் இரு பக்கமும் ஒரேவிதமாக நடந்துகொள்ளாது.

வாங்கும்போது ‘ஸ்லாஷ் ஆர்ம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே பெயரில் நான்கு சக்கரங்களாலும் ஓடும் காரும் உண்டு. அதன் ஆர்ம் உங்களுடையதற்குப் பொருந்தாது. உங்கள் காரிலேயே முன் ஆர்ம் வேறு, பின் ஆர்ம் வேறு. கையேட்டின் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படத்தில் உள்ள பாக இலக்கத்தைக் கொடுப்பதே பிழையற்ற வழி.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. புதிய ஆர்மும் அதே இடத்தில் வெடித்திருக்கிறது என்கிறீர்கள். ஓர் இடம் திரும்பவும் உடைந்தால் ஆர்மைச் சந்தேகிப்பதற்கு முன் ஹிஞ்ச் பின்னைச் சந்தேகிக்க வேண்டும். முதல் மோதலில் அந்தக் கம்பி சற்று வளைந்திருக்கும். வளைந்த கம்பியிலேயே புதிய ஆர்மைக் கோத்திருப்பீர்கள். ஷொக்கின் கீழ்முனையைக் கழற்றிவிட்டு, சக்கரத்தோடு ஆர்மை மேலே தூக்கிக் கையை விடுங்கள். அது தன் பாரத்திலேயே தடையின்றி விழ வேண்டும். பாதியில் நின்றாலோ, தள்ளினால்தான் இறங்கினாலோ, எங்கோ இறுக்கம் இருக்கிறது. பின்னை உருவியெடுத்து, கண்ணாடித் துண்டொன்றின் மேல் விரலால் உருட்டிப் பாருங்கள். கண்ணைக் கண்ணாடி மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால், நேரான பின் ஓசையின்றி ஓடுவதும், வளைந்த பின் ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் காட்டித் தட்டுத் தட்டென்று உருள்வதும் தெரியும். வளைந்ததைச் சுத்தியலால் நிமிர்த்த முயல வேண்டாம். புதிய ஆர்மோடு புதிய பின்னும் வாங்குங்கள். பின் நேராக இருந்தும் ஆர்ம் இறுகினால், துளைக்குள் மணல் இருக்கிறதா, வார்ப்பில் மிஞ்சிய பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். பிசிறை மெல்லச் சுரண்டி எடுக்கலாம். மின் துளைப்பானைக் கொண்டு துளையைப் பெருப்பித்தால் ஆர்ம் ஆடத் தொடங்கும், அந்த ஆட்டமே அடுத்த வெடிப்புக்கு வழிவைக்கும்.

ஷொக்கில் எண்ணெய் கசிந்து குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் இல்லாத ஷொக் எதையும் தடுக்காது. கார் உயரத்திலிருந்து விழும் ஒவ்வொரு முறையும் ஆர்ம் அதன் எல்லைவரை சென்று மோதும். மருமகன் அழகுக்காக வெளியே நீண்டு நிற்கும் அகலச் சக்கரங்களைப் போட்டிருந்தால் பழையவற்றையே மாட்டச் சொல்லுங்கள்; சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, அதே மோதல் ஆர்மின் அடியில் கூடுதல் முறுக்காக வந்து சேரும். முன்சக்கரங்களை ஓரளவு மறைக்கும் அகலமான பம்பர்களும் இந்தக் காருக்குக் கிடைக்கின்றன. ஆர்மில் செலவழிக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியை அதில் போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

குளிரையும் மறந்துவிட வேண்டாம். எந்தப் பிளாஸ்டிக்கும் குளிரில் விறைத்து, அடியைத் தாங்கும் திறனை இழக்கும். தை மாதத்து அதிகாலையில் புல்லில் உறைபனி கிடக்கும்போது ஓட்டுவதைவிட வெயில் ஏறிய பின் ஓட்டுவது நல்லது. நைலானுக்கு இன்னொரு குணமும் உண்டு: வார்த்தெடுத்த கையோடு அது காய்ந்து, எளிதில் முறியும் நிலையில் இருக்கும், பின்னர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இளகி, உறுதிபெறும். சாதாரண ஈரப்பதத்தில் நைலான் 6 தன் எடையில் ஏறக்குறைய 2.5 முதல் 3 சதவீதம் வரை நீரை ஏற்றுக்கொள்ளும். புதிய நைலான் ஆர்ம்களைச் சிலர் கொதிநீரில் சற்று நேரம் போட்டு எடுப்பது இதற்காகத்தான். நம் மலைநாட்டு மழைக்காலத்தில் பொதியைப் பிரித்து அடுப்படிக்குத் தொலைவாக ஓர் அலுமாரியில் சில வாரங்கள் வைத்தாலே அந்த வேலை பெரும்பாலும் நடந்துவிடும்.

கேள்வி: டபிள்யூ.எல். டோய்ஸ் 144001 காருக்கு, கார் அகலமாகத் தெரியும்படி நீளமான ஆர்ம்கள் போட விரும்புகிறேன். வேறு ஏதும் மாற்ற வேண்டுமா?
— வாசகர், பண்டாரவளை

பதில்: மாற்ற வேண்டும், அதனால்தான் யோசிக்கச் சொல்கிறேன். இது நான்கு சக்கரங்களாலும் ஓடும் 1/14 அளவுக் கார். எனவே ஒவ்வொரு சக்கரத்துக்கும் கியர்பெட்டியிலிருந்து ஒரு தண்டு போகிறது. ஆர்ம் நீண்டால் அந்தத் தண்டின் நீளம் போதாமல், சக்கரம் கீழிறங்கும் தருணத்தில், அதன் முனை பொருந்தியிருக்கும் கிண்ணத்திலிருந்து நழுவி விழும். மேலே சக்கரத்தின் சாய்வைப் பிடித்து நிற்கும் கம்பியும், முன்னால் சக்கரத்தைத் திருப்பும் கம்பியும் அதே அளவு நீள வேண்டும். இவை எல்லாம் ஒரே தொகுதியாக, இந்தக் காருக்கென்றே அளந்து விற்கப்பட்டால் வாங்கலாம். ஆர்ம் மட்டும் தனியே நீளமாக விற்கப்பட்டால் வேண்டாம். அகலம் மட்டுந்தான் ஆசையென்றால், சக்கரம் பொருந்தும் அறுகோணத் துண்டைச் சற்றுத் தடித்ததாக மாற்றுவது எளிது. மேலே ஆசிரியருக்குச் சொன்ன முறுக்கு அதிலும் உண்டு என்பதால் ஒரு சில மில்லிமீற்றர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் காருக்கு உலோக ஆர்ம்கள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. அடித்தட்டு உலோகம் என்பதால் எல்லாமே உலோகமாக இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். கியர்பெட்டியின் உறை பிளாஸ்டிக் என்பதை நினைவில் வைத்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: டமியா டிடி–02 காருக்கு ஓர் ஆர்ம் மட்டும் தனியே கிடைக்குமா?
— வாசகி, நுவரெலியா

பதில்: டமியா நிறுவனம் பெரும்பாலும் பாகங்களைத் தனித்தனியாக விற்பதில்லை, வார்ப்புச் சட்டத்தோடு ஒட்டியபடி, எழுத்திட்ட தொகுதிகளாக விற்கிறது. கையேட்டில் ஆர்முக்கு எதிரே உள்ள எழுத்தைப் பார்த்து, அந்த எழுத்துத் தொகுதியை டிடி–02 என்று குறிப்பிட்டே கேளுங்கள். டிடி–01 என்னும் முந்திய காரின் தொகுதியைத் தந்துவிடக்கூடும். 2013இல் வெளிவந்த இந்தக் கார் இன்றும் பரவலாக ஓடுவதால் தொகுதிகள் கிடைப்பது கடினமல்ல. மிஞ்சும் துண்டுகளை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது பெயர் தெரியாத கார். எந்தக் கடையிலும் பாகம் இல்லை. உடைந்த ஆர்மைப் பசையால் ஒட்டலாமா, அல்லது முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிடலாமா?
— உயர்தர மாணவர், பதுளை

பதில்: ஒட்டுவதால் பயனில்லை. நைலான் போன்ற பிளாஸ்டிக்குகள் பசையை நன்றாகப் பிடிப்பதில்லை. பிடித்தாலும் ஆர்ம் வளையும் முதல் தடவையிலேயே ஒட்டு பிரிந்துவிடும். அச்சிடுவதற்கு முன், வேறு கார்களின் ஆர்ம் பொருந்துமா என்று ஒருமுறை பாருங்கள். பெயரில்லாக் கார்களில் பல, பெயருள்ள கார்களின் நகல்களே. அதற்கு நான்கு அளவுகள் போதும்: உள்துளையின் நடுவிலிருந்து வெளித்துளையின் நடுவரை உள்ள தூரம், உள்முனையின் அகலம், துளையின் விட்டம், ஷொக் பொருந்தும் இடம். வேர்னியர் இடுக்கிமானி உங்கள் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் இருக்கும். ஆசிரியரிடம் கேட்டு அளந்துகொள்ளுங்கள்.

ஒன்றும் பொருந்தாவிட்டால் அச்சிடலாம். பி.எல்.ஏ. எனப்படும் சாதாரண இழையில் அச்சிட்டால் முதல் கல்லிலேயே முறியும். நைலான் இழையே சிறந்தது, அது கிடைக்காவிட்டால் பி.ஈ.டி.ஜி. நைலான் இழை ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், அச்சிடும்போது குமிழி விடாதிருக்க முதலில் அதைக் காயவைக்க வேண்டும். ஆர்மைத் தட்டில் நிறுத்தி அச்சிடாதீர்கள், படுக்கவைத்து அச்சிடுங்கள்; அப்போதுதான் அடுக்குகள் ஆர்மின் நீளவாக்கில் ஓடும். நிறுத்தி அச்சிட்டால் அடுக்குகள் குறுக்கே அமைந்து, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பிளக்கும். துளைகளைச் சுற்றிச் சுவரைத் தடிப்பாக விடுங்கள். துளையை ஒரு சொட்டுச் சிறியதாக அச்சிட்டு, பின்னின் அளவுக்குக் கையாலேயே துருவிச் சரிசெய்யுங்கள்.